அரவான் களப்பலி

பாரதப் போர் தொடங்குமுன், பாண்டவர் வெற்றிக்காக அருச்சுனன் மகன் அரவான் காளிக்குப் பலியான கதை. கீழ்பென்னாத்தூரை உள்ளடக்கிய திருவண்ணாமலை–செஞ்சி வட்டாரத்தில், திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவை ஒட்டி இது விடிய விடியக் கூத்தாக ஆடப்படுகிறது. கிரேக்கப் புராணத்தில் இதற்கு மிக நெருங்கி வருவது இபிகேனியாவின் கதை.

வியாச பாரதத்தில் இந்தப் பலி கிடையாது. நாககன்னி உலூபி பெற்ற இராவான் அங்கே போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்னும் அரக்கன் கையால் மடிகிறான், அவ்வளவுதான். களப்பலி தமிழில் முதலில் தென்படுவது, 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில். பின்னர் வில்லிபுத்தூராரும் அதைப் பாடினார். பலிக்கு நல்ல நாள் கேட்டு வரும் துரியோதனனுக்குச் சகாதேவன் அமாவாசையைக் குறித்துக் கொடுக்கிறான். எதிரிக்கும் பொய் சொல்லாத சோதிடன் அவன். கண்ணனோ சூரியனையும் சந்திரனையும் ஒருநாள் முன்னதாகவே ஒன்றுகூட வைத்துப் பலியைப் பாண்டவர் பக்கம் திருப்பிவிடுகிறான்.

கிரேக்கத்திலும் இதே நிலைதான். ஹோமரின் இலியத்து இபிகேனியாவின் பலியைச் சொல்வதில்லை. பிற்கால மரபில்தான், டிராய்க்குப் புறப்பட்ட கப்பல்கள் ஆலிஸ் துறையில் காற்றின்றி நிற்க, கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் தன் மகள் இபிகேனியாவை ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குப் பலியிடுகிறான். ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய நாடகங்களில் அந்தப் பலியே பழிக்கு வித்து: தாய் கிளைதெம்னெஸ்திரா கணவனைக் கொல்கிறாள், மகன் தாயைக் கொல்கிறான். யூரிப்பிடிஸின் நாடகமோ பெண்ணைக் காப்பாற்றி, பலிபீடத்தில் மானைக் கிடத்துகிறது. இரண்டு நாட்டிலும் மூல இதிகாசம் பேசாத இடத்தில் பின்வந்தவர்கள் ஒரு பிள்ளையின் உயிரை வைத்தார்கள். பெரும்போருக்குச் சொந்த வீட்டிலிருந்தே முதல் விலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு.

இன்னும் நெருக்கமான ஒற்றுமை திருமணத்தில் இருக்கிறது. கிரேக்க வீரன் அகிலீசுக்கு மணமுடிப்பதாகச் சொல்லித்தான் இபிகேனியாவை ஆலிசுக்கு வரவழைக்கிறார்கள். மணமாகாமல் சாக மனமில்லாத அரவானுக்குக் கண்ணன் மோகினியாகி ஓர் இரவு மனைவியாகிறான் என்கிறது நாட்டார் மரபு. எபிரேய மரபும் இங்கே சேரும்: விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில், போரில் வென்றால் வீட்டிலிருந்து முதலில் எதிர்வருவதைப் பலியிடுவதாக நேர்ந்துகொண்ட யெப்தா முன் அவன் ஒரே மகளே வந்து நிற்கிறாள். தன் கன்னிமைக்காக மலைகளில் அழ அவள் இரண்டு மாதம் தவணை கேட்கிறாள். ஆண்டுக்கு நான்கு நாள் இஸ்ரவேல் பெண்கள் அவளுக்காகப் புலம்பியதாகவும் அந்நூல் சொல்கிறது. அப்படி ஓர் அழுகை அரவானுக்கும் உண்டு: கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள்.

வேறுபாடும் பெரியது. கிரேக்கப் பலி குடும்பத்தையே அழிக்கிறது. தமிழ்க் கதையில் யாரும் பழிவாங்குவதில்லை. அரவான் கூத்தாண்டவர் என்ற தெய்வமாகிறான், வெட்டுண்ட தலையோடு போரைப் பார்க்கிறான். இராஜஸ்தானின் காட்டூ ஷியாம் கோயிலில் வணங்கப்படும் பர்பரிகன் என்னும் வீரனின் தலையும் அப்படிப் பார்த்ததாகவே சொல்வார்கள். திருவண்ணாமலை வட்டாரக் கூத்துகளில் கதை அரவானோடு நிற்பதில்லை. துரியோதனன் படுகளம், திரௌபதி கூந்தல் முடித்தல், மாலையில் தீமிதி என்று அது முன்னே போகிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டல், 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தம் இரு தொகுதிகளில் செஞ்சிப் பகுதியையே மையமாகக் கொண்டார்.

இக்கதை கிரேக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. தொடர்பு இருந்தது உண்மை: பாண்டிய நாட்டை ஹெராக்ளிசின் மகள் பண்டையாவுக்கு உரியதாக்கிக் கிரேக்க எழுத்தாளர் மெகஸ்தனிஸ் எழுதினார். அங்கே கிரேக்கர்தாம் தம் தெய்வத்தின் பெயரைத் தென்னாட்டுக் கதைக்குப் பூட்டினார்கள்; களப்பலிக்கு அப்படி ஒரு தடமும் கிடைக்கவில்லை.