ரங்கபதாகையும் என் அத்தையும்

காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் எந்த மன்னன் கட்டியது என்றுதான் சொல்லித் தருகிறார்கள். பள்ளியில் நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். கைலாசநாதர் கோயில், பல்லவ மன்னன் ராஜசிம்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

பிள்ளையார்பாளையத்தில் அத்தை வீட்டிலிருந்து அந்தக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். கோடை விடுமுறையில் கோயிலின் முன்னால் வரிசையாக நிற்கும் எட்டுச் சிறு சன்னிதிகளைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். அவற்றுள் ஒன்றைக் கட்டுவித்தவள் ஒரு பெண் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான், ஹுல்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அவள் பெயரைப் பார்த்தேன்: ரங்கபதாகை. ராஜசிம்மனின் அரசி. கிரந்த எழுத்தில், வடமொழியில் உள்ள அந்தக் கல்வெட்டு, அவளைக் கணவனின் அன்புக்குரியவள் என்கிறது, பார்வதிக்கு ஒப்பிடுகிறது, அழகைப் புகழ்கிறது. பதாகை என்றால் கொடி. பெண்குலத்துக்கே கொடி போன்றவள் என்று பெயரை வைத்துச் சிலேடையும் செய்கிறது. ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தக் கணவனும் அழகும் தேவைப்பட்ட காலம். இன்றும் அது பெரிதாக மாறிவிடவில்லை. ஆனாலும் இந்தச் சன்னிதியைக் கட்டுவித்தவள் அவளே என்று அந்தக் கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது. நாம்தான் வாசிக்காமல் கடந்து போனோம்.

அதே சமயம், ரங்கபதாகைக்குக் கல்லில் இடம் கிடைத்தது அவள் அரசி என்பதால். மற்ற பெண்களைத் தேட வேண்டுமென்றால் கோயிலை விட்டுத் தெருவுக்கு வர வேண்டும்.

பாவு நீட்டுவதற்கு நீளமான, நேரான தெரு வேண்டும். விடிகாலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பட்டு நூலை நீள விரித்து, இழை சரிபார்ப்பதைப் பார்க்கலாம். அத்தை வீட்டில் வாசலைத் தாண்டியதும் கூடம். கூடத்தில் பெரும்பங்கு குழித்தறிக்கு. வெளிச்சம் விழும் இடம் தறிக்கு, மீதி இடம் மனிதர்களுக்கு. சமையலறைக்குப் போகும் வழியில் சுவரோரம் அத்தையின் இராட்டை. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்திலும் அவர் தார் சுற்றிக்கொண்டிருப்பார். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள். ஒருவரால் மட்டும் நெய்ய முடியாது. மாமா தறியில் உட்கார, பக்கத்தில் நின்று மூன்றாவது நாடாவை வீசியவர் அத்தைதான்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அத்தை சிரித்தார்.

"ஊருக்குப் பேரு வந்தாச்சு. என் பேரு எங்கடி இருக்கு? பாஸ்புக்குலேயும் உங்க மாமா பேருதான்."

நாற்பது வருடம் உழைத்தவர். கூலிக் கணக்கில் அவர் வேலைக்கென்று தனி வரி கிடையாது. வீட்டுவேலையோடு வேலையாக அதுவும் சேர்ந்துவிட்டது.

இப்போது மாணவிகளைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனால், முதலில் ரங்கபதாகையின் சன்னிதி முன் நிற்கிறோம். பிறகு பிள்ளையார்பாளையத்துக்கு நடக்கிறோம். ஒவ்வொரு தறிவீட்டிலும் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இங்கே தார் சுற்றுவது யார்?" பதிலாக வரும் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.