எவ்வளவு வாயு போதும்? ஜொகூரில் குளிர்பதன ஆய்வு திசைமாறிய வரலாறு

மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில், ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கிறது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உருவாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. அங்கே இயந்திரப் பொறியியல் பேராசிரியர் நோர்மா முகமது கசாலியும் அவருடைய மாணவர்களும் தென்கொரிய, இந்தோனேசிய ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஆய்வுகளே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். குளிர்சாதனத்துக்கு எந்த வாயு ஏற்றது என்பதுதான் ஏறக்குறைய 190 ஆண்டுகளாகப் பெரிதும் கேட்கப்பட்டு வந்த கேள்வி. எவ்வளவு வாயு போதும், ஆவியாகிக் குளிர்விக்கும் பொருளே இல்லாமல் குளிர்விக்க முடியாதா என்ற கேள்விகள் முன்வரிசைக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். முதற்கேள்வி நம்மை மீண்டும் மீண்டும் புதுச் சிக்கலில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. பின்வந்த கேள்விகளில்தான் வழி இருக்கிறது என்பது என் துணிபு.

வெப்பமண்டலத்தில் குளிர் என்பது முதலில் கப்பலேறி வந்த சரக்கு. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடரின் அமெரிக்கப் பனிக்கட்டிக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் அதே கட்டடம். அதே பாஸ்டன் பனிக்கட்டி 1854-இல் சிங்கப்பூருக்கும் வந்தது. ‘வம்போவா’ என்று அறியப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே அங்கே ஐஸ் ஹவுஸ் நடத்தினார். வியாபாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஏரிப் பனியின் இடத்தை எந்திரப் பனி பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த எந்திரத்தின் அடிப்படைத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. எளிதில் ஆவியாகும் திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆவியை அழுத்தி வெளியே கொண்டுபோய் மறுபடி திரவமாக்கினால் அந்த வெப்பம் வெளியேறும். 1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் ஈதரை வைத்து இதற்குக் காப்புரிமை பெற்றார். 1870-களில் கார்ல் ஃபொன் லிண்டே அம்மோனியாவைக் கொண்டுவந்தார். மீனவர்களுக்குக் கட்டிப்பனி செய்யும் ஆலைகளில் இன்றும் அம்மோனியாவே ஓடுகிறது. கொதிநிலையில் ஒரு கிலோ அம்மோனியா ஆவியாக ஏறக்குறைய 1,370 கிலோஜூல் வெப்பம் தேவை. பிற்காலத்தில் வீடுகளை ஆண்ட ஆர்-22 வாயுவுக்கு 233 கிலோஜூல்தான். பொருளின் ஆற்றலை மட்டும் பார்த்தால் பழையதே சிறந்தது. ஆனால் அது நச்சு, செம்பையும் அரிக்கும். 1920-களில் வீட்டுக் குளிர்பெட்டிகளில் இருந்த கந்தக டையாக்சைடும் மெதில் குளோரைடும் கசிந்து உயிர்களைப் பறித்தன. பெர்லினில் ஒரு குடும்பமே இப்படி மாண்ட செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் அசையும் பாகமே இல்லாத குளிர்பெட்டி ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள்.

உலகம் அவர்கள் வழியில் போகவில்லை. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் குளோரோஃபுளோரோகார்பன்களைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தார்கள். எரியாது, நச்சில்லை, மணமில்லை. 1930-இல் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அறைக்குள் இருப்பவருக்குத் தீங்கு இல்லை என்பது அந்தச் சோதனையில் உறுதியானது. வானத்துக்கு என்ன ஆகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. 1974-இல் மோலினாவும் ரோலண்டும் அந்த வாயுக்களால் ஓசோன் படலம் சிதைவதற்கான வேதியியலை விளக்கினார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் குறைந்துவருவதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அளவீடுகளோடு வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனைச் சிதைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. மறு ஆண்டு லண்டன் கூட்டத்தில், மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவைப் பணக்கார நாடுகள் ஏற்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் உறுதியாக நின்றதால் பலதரப்பு நிதியம் பிறந்தது. நிதியோடு அறிவும் நாடு கடந்து நகரத் தொடங்கியதற்கு அந்த நிதியமே காரணம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். மலேசியா 1999-இல் குளிர்பதனப் பொருள்களுக்கான விதிமுறைகளை இயற்றியது. 2010-க்குள் குளோரோஃபுளோரோகார்பன் இறக்குமதியும் முடிவுக்கு வந்தது.

வாயு மாறியது, சிக்கல் தீரவில்லை. இடைக்கால மாற்றாக வந்த ஆர்-22 வீட்டுச் சுவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. ஓசோனுக்கு அதுவும் ஓரளவு தீங்கு என்பதால் அதற்கும் மாற்றாக ஆர்-410ஏ வந்தது. நூறாண்டுக் கணக்கில், காற்றில் கலக்கும் ஒரு கிலோ ஆர்-22 செய்யும் வெப்பமாக்கல் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ-வுக்கு அந்த எண் 2,088. ஓசோனைக் காக்கப் போய்ப் புவியை இன்னும் சூடாக்கும் பொருளை வாங்கி வைத்துக்கொண்டோம். இதைச் சரிசெய்யவே 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்படிக்கை திருத்தப்பட்டது. மலேசியா 2020-இல் அதை ஏற்றது. இப்போது மலேசியக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆர்-32-க்கு எண் 675. கார்களில் நுழைந்துவிட்ட ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சிதைந்து டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாகிறது. எளிதில் அழியாத அந்த அமிலம் நீரில் சேர்வதைப் பற்றி ஆய்வாளர்கள் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு தீர்வும் அடுத்த தலைமுறைக்கு வேலை வைத்துவிட்டே போயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் இயற்கைக்குத் திரும்பினார்கள். அம்மோனியா, கரியமில வாயு, புரொப்பேன் மூன்றும் இயற்கையின் சுழற்சியில் ஏற்கெனவே இருப்பவை. ஆர்-290 என்று அழைக்கப்படும் புரொப்பேனின் எண் வெறும் 3. சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு என்பதால் அது எரியும் என்பதுதான் தடை. வீட்டுக் குளிர்பெட்டிகளுக்குப் பன்னாட்டுத் தரவிதிகள் நெடுங்காலம் 150 கிராமுக்கு மேல் அனுமதிக்கவில்லை. கடைகளில் உள்ள குளிர்பெட்டிகளுக்கு 2019-இல்தான் அது 500 கிராம் அளவுக்கு உயர்ந்தது. 2022-இல் சில நிபந்தனைகளோடு அறைக் குளிர்சாதனங்களுக்கு 988 கிராம் வரை இடம் கிடைத்தது. இந்தியாவில் கோத்ரெஜ் 2012-லேயே புரொப்பேன் அறைக் குளிர்சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து, இது ஆகாத காரியமில்லை என்று காட்டியது. ஆக, புரொப்பேனைப் பயன்படுத்த விரும்புபவர் முதலில் அதைக் குறைவாகப் பயன்படுத்தக் கற்க வேண்டும். வாயுவின் அளவைக் குறைக்க வேண்டுமானால் குழாயைச் சிறிதாக்க வேண்டும்.

சிறிதாக்குவது சொல்வதற்கு எளிது. பெரிய குழாயில் கொதிக்கும் திரவம் புவியீர்ப்பால் அடியில் தங்கும், ஆவி மேலே ஓடும். விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போது பரப்பு இழுவிசையின் கை ஓங்கிவிடுகிறது. குமிழிகள் குழாயை நிறைத்து நீண்ட அடைப்புகளாக நகர்கின்றன. சுவரை ஒட்டி மெல்லிய திரவப் படலம் மட்டும் எஞ்சுகிறது. அந்தப் படலத்தின் வழியே வெப்பம் மிக வேகமாகக் கடக்கும். படலம் காய்ந்துபோனால் குளிர்வித்தல் சட்டென்று விழும். அழுத்த இழப்பும் கூடும். பெரிய குழாய்களை வைத்து உருவாக்கிய சமன்பாடுகளை இங்கே அப்படியே நம்பி எந்திரம் கட்ட முடியாது. யாராவது உட்கார்ந்து, ஒவ்வொரு வாயுவாக, ஒவ்வொரு விட்டமாக அளந்து பார்க்க வேண்டும்.

தென்கொரியாவின் சொன்னாம் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜாங் தேக் ஓ, குவாங் இல் சோய் ஆகியோர் இந்தோனேசியரான அகுஸ் பாமித்ரானுடன் சேர்ந்து அதைச் செய்தார்கள். 1.5, 3.0 மில்லிமீட்டர் குழாய்களில் புரொப்பேன், அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் கொதிக்கும் விதத்தை அளந்து, 2011-இல் பாமித்ரான் முதலாசிரியராக ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கூடாய்க் குழுவின் பங்கு வேறு வகை. நோர்மாவும் ரொபியா அகமதுவும் கணிப்பொறியில் மரபணு நெறிமுறையைப் பயன்படுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக நல்ல வித்தைத் தேர்ந்தெடுக்கும் உழவரைப் போல, ஆயிரக்கணக்கான வடிவமைப்புகளை ஒன்றோடொன்று கலந்து சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் கணக்குமுறை அது. அம்மோனியாவால் குளிர்விக்கப்படும் நுண்வாய்க்கால்களில் சதுர வடிவம் சிறந்ததா, வட்ட வடிவம் சிறந்ததா என்று ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரையில் கொரிய ஆய்வாளர்களும் உடனாசிரியர்கள். பின்னர் புரொப்பேன் கொதித்தலுக்கான சமன்பாட்டை அதே முறையால் செம்மைப்படுத்தியபோது பாமித்ரானும் ஓவும் அந்தப் பணியில் இணைந்தார்கள். ஒரு நாட்டில் அளவீடு, இன்னொரு நாட்டில் கணக்கு. கூட்டாய்வு என்ற பெயரில் ஒப்பந்தப் புகைப்படத்தோடு நின்றுபோகும் முயற்சிகள் பல உண்டு. இங்கே ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை நிறைவுபெறாது. இதைத்தான் நான் உண்மையான கூட்டாய்வு என்பேன்.

இதே ஆய்வகத்திலிருந்து வந்த மற்றொரு கிளை இன்னும் துணிச்சலானது. ஒலியால் குளிர்விப்பது. மூடிய குழாயில் ஒலிபெருக்கி எழுப்பும் அலை, உள்ளே இருக்கும் காற்றையோ ஹீலியத்தையோ மாறி மாறி அழுத்தி விரிக்கிறது. இடையில் வைத்த நுண்துளை அடுக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெப்பம் கைமாறிப் போகிறது. இதன் கணிதத்தை நிக்கோலஸ் ரோட் 1969 முதல் எழுதத் தொடங்கினார். லாஸ் அலமோஸ் ஆய்வகம் 1980-களில் அதை எந்திரமாக்க முனைந்தது. 1992 ஜனவரியில் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஒரு ஒலிக் குளிர்பெட்டி பறந்தது. ஸ்கூடாயில் நோர் அத்திக்கா சோல்பகார், சூடானைச் சேர்ந்த மவாஹிப் எல்-ஃபாவல் ஆகியோருடன் நோர்மா எழுதி 2016-இல் வெளியான மீளாய்வு, இத்துறைக்குள் நுழைபவர்க்கு நல்ல வாசல். மைலார் சுருள், பீங்கான் தேன்கூடு, முப்பரிமாண அச்சில் வார்த்த அடுக்கு ஆகியவற்றையும் இக்குழு ஒப்பிட்டுப் பார்த்தது. ஒலிக் குளிர்பெட்டியின் செயல்திறன் இன்னும் சாதாரணக் குளிர்பெட்டியை எட்டவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் கசிந்து கேடு செய்ய எதுவும் இல்லை.

ஆய்வகத்துக்கு வெளியே ஜொகூர் வேகமாக மாறிவிட்டது. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தபின், அவை நீரிணையைக் கடந்து கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்ரி எனப் பரவின. அங்கே குளிர்விக்க வேண்டியது கணினிச் சில்லுகளை. சிலிக்கன் சில்லில் நுண்வாய்க்கால் வெட்டி, நீரோட்டத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை அகற்றலாம் என்று டக்கர்மனும் பீஸும் ஸ்டான்ஃபோர்டில் காட்டியது 1981-இல். ஸ்கூடாயின் நுண்வாய்க்கால் கணக்குகள் அந்தப் பரம்பரையில் வந்தவை. சில்லின் முதுகிலேயே வெப்பத்தை எடுத்துவிட்டால் முழுக் கூடத்தையும் குளிராக்கும் சுமையும், குளிர்கோபுரங்கள் ஆவியாக்கும் நீரும் குறையும். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீரைச் சிங்கப்பூர் எடுக்கலாம். ஜொகூரில் எல்லாரும் நீரைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பது இயல்பே. ஆனால் சில்லைக் குளிர்விக்கும் திரவத்திலும் பழைய பாடம் காத்திருக்கிறது. கணினிகளை முக்கிவைக்கப் பயன்பட்ட சில ஃபுளோரின் திரவங்கள் சூழலில் அழியாமல் தங்கும் வகை. அவ்வகைப் பொருள்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது.

இந்த வரலாற்றில் ஆய்வாளர்கள் பெயர் இருக்கிறது, உடன்படிக்கைகளின் நாள் இருக்கிறது. இல்லாதவர் ஒருவர் உண்டு. மாசாயிலும் உலு திராமிலும் கூலாயிலும் ‘ஏர்கோன்’ பழுதுபார்க்க ஏணி தூக்கி வரும் தொழிலாளி. தோட்டத்துத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்தக் கைத்தொழிலில் இருக்கிறார்கள். ‘கேஸ் போடணும்’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. மூடிய சுற்றில் வாயு தானாகத் தீராது. தீர்ந்ததென்றால் கசிந்து காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். கசிவை அடைக்காமல் மேலே வாயு நிரப்பும் ஒவ்வொரு முறையும், ஸ்கூடாயில் கிராம் கிராமாகக் குறைத்தது கிலோ கணக்கில் வானேறுகிறது. நாளை புரொப்பேன் வரும்போது தீப்பொறியின் அருகில் நிற்கப்போகிறவரும் இவரே. ஆகவே அடுத்த கூட்டாய்வில் பல்கலைக்கழகங்களோடு இவரும் அமர வேண்டும். கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி, வாயுவை வெளியே விடாமல் உருளையில் மீட்பது எப்படி, எரியும் வாயுவைக் கையாள்வது எப்படி என்பவை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதப்பட்டுப் பட்டறைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நாள் தள்ளிப்போட இடமில்லை. கிகாலி அட்டவணைப்படி மலேசியா 2024-இல் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற ஹைட்ரோஃபுளோரோகார்பன்களின் நுகர்வை அடிப்படை அளவுக்குள் நிறுத்தியாக வேண்டியிருந்தது. அந்த அளவிலிருந்து 10 சதவீதம் குறைக்க வேண்டிய ஆண்டு 2029. 2045-இல் குறைப்பு 80 சதவீதம் ஆக வேண்டும்.