ஆறு போல்ட்டுத் துளைகளின் வரலாறு



அமெரிக்காவில் குடியேறிய நம் பழைய மாணவர் ஒருவர் பழைய செவர்லே பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதன் இன்ஜினை இறக்கிவிட்டு வேறு இன்ஜின் ஏற்றிக்கொண்டிருக்கிறார். "இன்ஜின் கிடைத்துவிட்டது சார். எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைப்பது என்பதில்தான் குழப்பம்" என்று எழுதியிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே பதிகிறேன். இந்தக் கேள்விக்கான பாதி விடை வரலாற்றில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அதற்கு இழுவை குறைவு. நின்ற வண்டியை நகர்த்தவோ அதிக இழுவை வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேரம் பேசுவதுதான் கியர்பாக்ஸ். கையால் மாற்றும் கியரில் அந்தப் பேரத்தை ஓட்டுநரின் இடது காலும் வலது கையும் செய்கின்றன. அதை எண்ணெயிடம் ஒப்படைக்கும் வழியைக் கண்டவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். ஸ்டெட்டின் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய அவர் 1905இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நோக்கம் கார் அல்ல, கப்பல். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றிலேயே மற்றதும் சுற்றத் தொடங்கும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். நடுவில் மூன்றாவதாக ஒரு இறக்கைச் சக்கரம் வைத்து, திரும்பி வரும் எண்ணெயைத் திசை மாற்றிவிட்டால் திருப்புவிசை பெருகும். அதுவே டார்க் கன்வெர்ட்டர்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளர் தலைமையில் ஒரு குழு எண்ணெய் இணைப்பையும் கோள் பற்சக்கரங்களையும் சேர்த்து ஹைட்ரா-மேட்டிக் என்ற கியர்பாக்ஸை உருவாக்கியது. 1939இல் அறிவிக்கப்பட்டு 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. முன்னோக்கி நான்கு கியர், கிளட்ச் பெடல் கிடையாது, கூடுதல் விலை 57 டாலர். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டுவர்ட், எம்24 சாஃபி டாங்குகளிலும் இதே கியர்பாக்ஸ் ஓடியது. "ஆட்டோமேட்டிக் என்றால் நோஞ்சான்" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி நம் தலைப்புக்கு நேராக வரும் சம்பவம். 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்தது. வெட்டு டார்ச்சிலிருந்து தெறித்த பொறி எண்ணெய்த் தட்டில் விழுந்தது. 15 லட்சம் சதுர அடிக் கட்டடம் எரிந்து போனது. உயிர்களும் போயின. காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல், பாண்டியாக் கார்களுக்கு இன்ஜின் இருக்கிறது, கியர்பாக்ஸ் இல்லை! நம் மாணவருடைய நிலைமையேதான், அளவுதான் பெரிது. காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் ப்யூக் காரின் டைனாஃப்ளோவை எடுத்துக்கொண்டன. பாண்டியாக் செவர்லேயின் பவர்கிளைடை எடுத்துக்கொண்டது. ப்யூக் காரில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். காடிலாக்கில் அது திறந்திருக்கும். ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றில் மாட்டுவது தயாரித்தவர்களுக்கே சுலபமாக இருக்கவில்லை. போரின்போது பி-24 குண்டுவீச்சு விமானங்கள் தயாரான வில்லோ ரன் ஆலைக்கு இயந்திரங்களைக் கொண்டுபோய், சில வாரங்களிலேயே ஹைட்ரா-மேட்டிக் உற்பத்தியை மீண்டும் தொடங்கினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1955 மாடலில், செவர்லேயின் புதிய வி8 இன்ஜின் வந்தது. எட் கோல் தலைமைப் பொறியாளராக இருந்த காலம். 265 கன அங்குலக் கொள்ளளவு. எல்லோரும் அதன் சக்தியைப் பற்றிப் பேசினார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அதன் பின்முகத்தில் இருக்கும் ஆறு போல்ட்டுத் துளைகளும் இரண்டு வழிகாட்டி முளைகளும்தான். கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் வந்து உட்காரும் இடம் அது. பின்னால் வந்த பெரிய வி8, 1962இல் வந்த புதிய ஆறு சிலிண்டர் இன்ஜின் எல்லாவற்றிலும் அதே அமைப்பைத் தொடர்ந்தார்கள். அதனால் 1955இன் இன்ஜினில் 1982இன் கியர்பாக்ஸை மாட்ட முடிகிறது. துளைகளை நகர்த்தாமல் விட்ட இந்த முடிவுக்கு யாரும் விழா எடுத்ததில்லை. ஆனால் கொட்டகையில் வைத்துத் தன் வண்டியைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் சாமானியனுக்கு அது கொடுத்த சுதந்திரம் பெரிது.

ஓர் எச்சரிக்கை: ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், பாண்டியாக் இன்ஜின்களின் துளை அமைப்பு வேறு. பழைய இரும்புக் கடையில் "டர்போ 400 இருக்கிறது" என்றால் உடனே பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. உள்ளே எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் முகம் பொருந்தாமல் போகலாம்.

இப்போது தேர்வுக்கு வருவோம். பவர்கிளைடு 1950இல் வந்தது. இரண்டே கியர். டர்போ 400 வந்தது 1964இல். மூன்று கியர், முரட்டு உழைப்பாளி. அதன் தம்பி டர்போ 350 வந்தது 1969இல். அதிலும் மூன்று கியர். முதல் கியர் விகிதம் 2.52, கடைசி கியர் 1.00. எளிமையானது, மலிவானது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியது. அதன் பிள்ளைதான் 1982இல் வந்த 700ஆர்4. நான்கு கியர்: 3.06, 1.63, 1.00, 0.70. கடைசிக் கியரில் இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். இதன் பலன் என்ன? ஒரு கணக்குப் போடுவோம்.

சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம் என்றால் சுற்றளவு 88 அங்குலம். ஒரு மைல் 63,360 அங்குலம். எனவே மைலுக்கு 720 சுற்று. மணிக்கு 65 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 780 சுற்று. பின் ஆக்சில் விகிதம் 3.73 என்றால், டர்போ 350 வைத்த இன்ஜின் நிமிடத்துக்கு 2,909 முறை சுற்ற வேண்டும். 700ஆர்4 வைத்தால் 0.70ஆல் பெருக்குங்கள்: 2,037தான். நீண்ட நெடுஞ்சாலையில் சத்தம், சூடு, பெட்ரோல் மூன்றும் குறையும். முதல் கியரிலும் 2.52க்கு 3.06 என்பதால் புறப்படும் இழுவையும் கூடுகிறது.

அப்படியானால் எல்லோரும் 700ஆர்4 வைத்துவிடலாமே? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். இந்தக் கியர்பாக்ஸில் ஆக்சிலரேட்டரோடு இணைந்த ஒரு கேபிள் உண்டு. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அதுதான் உள்ளே சொல்லும், அதை வைத்துத்தான் எண்ணெய் அழுத்தம் ஏறும். வேறு கம்பெனி கார்புரேட்டரில் அந்தக் கேபிளின் இழுப்புக் கோணம் மாறிவிடும். அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். கேபிளைச் சரியாக அமைக்காமல் "சும்மா ஒரு ரவுண்டு" ஓட்டிப் பார்ப்பதே ஆபத்து. அந்தக் கார்புரேட்டருக்கென்று விற்கும் திருத்தத் தகட்டை முதலிலேயே வாங்க வேண்டும். இன்னொன்று: 1984 வரை வந்தவற்றில் உள்நுழையும் ஷாஃப்ட்டுக்கு 27 பற்கள், பிறகு 30. அனுபவசாலிகள் 1987க்குப் பிந்தையதைத் தேடுவது, அதற்குள் பல குறைகள் திருத்தப்பட்டுவிட்டதால்தான். அடித்தட்டின் போல்ட்டுகளை எண்ணினாலே ஓரளவு அடையாளம் தெரியும்: டர்போ 350க்கு 13, 700ஆர்4க்கு 16.

மாட்டும்போது வண்டியின் வயதையும் பார்க்க வேண்டும். 1954 வரையிலான செவர்லே அரை டன் பிக்கப்பில் ஷாஃப்ட் குழாய்க்குள் மூடியிருக்கும், அதனால் பின் ஆக்சிலையே மாற்ற வேண்டிவரும். அந்த வண்டிகளில் இன்ஜினின் பின்பாரம் பெல் ஹவுசிங்கில்தான் நிற்கும். அதைக் கழற்றினால் தாங்க ஆளில்லை, சேசிஸில் புதிய குறுக்குச் சட்டம் அமைக்க வேண்டும். பிற்கால வண்டிகளில் வேலை குறைவு. ஆனால் 700ஆர்4, குட்டை வால் டர்போ 350ஐவிடச் சுமார் 3 அங்குலம் நீளம் என்பதால் குறுக்குச் சட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தி, ஷாஃப்ட்டை வெட்டிச் சமன் செய்ய வேண்டும். கியர்பாக்ஸைச் சீக்கிரம் கொல்வது சூடு. எண்ணெய்க் குளிர்விப்பானில் கஞ்சத்தனம் கூடாது.

1997இல் கார்வெட்டில் எல்எஸ் குடும்ப இன்ஜின் வந்தது. 1999 முதல் பிக்கப்களிலும் வந்ததால் இன்று பழைய இரும்புக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதிலும் பழைய ஆறு துளைகளில் ஐந்து அப்படியே பொருந்தும். ஆனால் பெரும்பாலானவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முகம் 0.4 அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர், உள்ளே தள்ளியிருக்கும். பழைய கியர்பாக்ஸ் வைத்தால் நடுவில் வளையம் போட்டு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். அதற்குச் சற்று முன்பே, 1993இல், 700ஆர்4 மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறி 4எல்60இ ஆகியிருந்தது. 4 என்பது கியர் எண்ணிக்கை, எல் என்பது நீளவாட்டில் வைப்பது, 60 என்பது வலிமைத் தரம், இ என்பது மின்னணு. 1991இல் வந்த 4எல்80இ டர்போ 400இன் வாரிசு. இவற்றில் கேபிள் தொல்லை இல்லை. ஆனால் கணினி இல்லாமல் கியர் மாறாது. அதுவரை முகம் பொருந்தினால் போதும் என்றிருந்தது. பிறகு மொழியும் பொருந்த வேண்டும் என்றாகிவிட்டது. பத்துக் கியர் வரை வந்துவிட்ட இன்றைய பெட்டிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. நாளைக்கு ஒரு பிள்ளை இன்றைய வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பிழைக்க வைக்க முடியுமா என்பது, நிறுவனங்கள் அந்தக் கணினிக் கதவைத் திறந்து வைக்குமா என்பதைப் பொறுத்தது. 1955இல் துளைகளை நகர்த்தியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

தம்பி, உனக்கு என் பதில் இதுதான். கார்புரேட்டர் இன்ஜின், ஊருக்குள் மட்டும் ஓட்டம் என்றால் டர்போ 350. பாரம் இழுப்பதென்றால் 400. தினமும் நெடுஞ்சாலை என்றால் 1987க்குப் பிந்தைய 700ஆர்4, திருத்தத் தகட்டோடு. எல்எஸ் இன்ஜின் என்றால் அது வந்த வண்டியின் கியர்பாக்ஸ், வயரிங், கணினி மூன்றையும் சேர்த்தே வாங்கிவிடு. மாட்டும்போது கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளு. அது படிப்படியாக இறங்கி முழுக்க உட்கார்ந்த பிறகுதான் பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்க வேண்டும். இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடப் பார்த்தால் உள்ளே இருக்கும் பம்ப் உடையும். வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டுக்கொள். ஓடியதும் படம் அனுப்பு.