ரப்பரின் மீள்தன்மை: வரலாறு

ரப்பர், பாலிமர் எனப்படும் பலபடி வகையைச் சேர்ந்தது. ஐசோபிரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்த நீண்ட சங்கிலியே இயற்கை ரப்பரின் மூலக்கூறு ஆகும். ரப்பர் இழுத்தால் நீள்வதற்கும் விட்டால் சுருங்குவதற்கும் இச்சங்கிலிகளின் அசைவே காரணம். சங்கிலி எவ்வளவு எளிதாக அசையும் என்பதை அதன் மூலக்கூறு அமைப்பு தீர்மானிக்கிறது. இந்த உண்மை 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. அதற்கு முன்பே ரப்பர் உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

ஒரே வாய்பாடு, இரு பொருள்கள்

மலாயாக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து கட்டாபெர்ச்சா என்னும் பொருள் கிடைக்கிறது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி, 1843ஆம் ஆண்டு இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் இப்பொருள் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மின்காப்புறையாக ஆனது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பியிலும், 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பியிலும் இதுவே பயன்பட்டது. பாலுக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்ததால் அக்காடுகள் பேரழிவுக்கு உள்ளாயின.

ரப்பர், கட்டாபெர்ச்சா இரண்டுக்கும் அடிப்படை அலகு ஒன்றே: 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஐசோபிரீன். வேறுபாடு, சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் சங்கிலி தொடரும் திசையில் இருக்கிறது. ரப்பரில் சங்கிலி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடர்கிறது. இது சிஸ் அமைப்பு. கட்டாபெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடர்கிறது. இது டிரான்ஸ் அமைப்பு. டிரான்ஸ் சங்கிலிகள் நேராக நீண்டு, அடுக்கிய குச்சிகள்போல் நெருங்கிப் படிகமாகின்றன. படிகத்தில் அகப்பட்ட சங்கிலி அசைய முடியாததால் கட்டாபெர்ச்சா அறை வெப்பநிலையில் கெட்டியாக இருக்கிறது. சிஸ் சங்கிலிகள் வளைந்திருப்பதால் எளிதில் ஒழுங்காக அடுங்குவதில்லை. அவை சுருண்டும் நெளிந்தும் ஓயாமல் அசைகின்றன.

கந்தகப் பாலங்கள்

ஆனால் அசைவு கட்டுப்பாடின்றி இருப்பதும் குறையே. சார்லஸ் மாக்கின்டாஷ் 1823இல் உருவாக்கிய ரப்பர் பூசிய மழைத்துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. வெப்பத்தில் சங்கிலிகள் ஒன்றையொன்று கடந்து வழுக்கியதே பிசுபிசுப்புக்குக் காரணம்.

இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். கடனுக்காகப் பலமுறை சிறை சென்ற அவர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதை 1839இல் கண்டறிந்தார். 1844இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எனினும் 1860இல் கடனாளியாகவே இறந்தார். வல்கனைசாக்கம் எனப்படும் இம்முறையில் கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே பாலம் அமைக்கின்றன. பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் முன்போல் அசையும். முழுச் சங்கிலி மட்டும் இடம்விட்டு ஓடாது. கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் பாலங்கள் நெருங்கி அசைவே நின்றுவிடும். அப்போது எபனைட் என்னும் கடினப் பொருள் கிடைக்கும்.

சங்கிலி என்ற கருத்து

இவற்றின் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. சிறு மூலக்கூறுகள் பலவீனமான விசையால் திரண்டதே ரப்பர் என்று வேதியியலாளர் பலர் கருதினர். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் இதை மறுத்து, இவை உண்மையான வேதிப்பிணைப்பால் இணைந்த மாபெரும் மூலக்கூறுகள் என்றார். 1922இல் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்த்துச் சோதித்தார். திரள் என்ற கருத்து சரியானால் அது சிதறிச் சாதாரண ஹைட்ரோகார்பனாக மாறியிருக்க வேண்டும், அவ்வாறு நிகழவில்லை. கடும் எதிர்ப்பைத் தாண்டி 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஸ்டாடிங்கர் சங்கிலிகளை விறைப்பான கோல்களாகவே எண்ணினார். 1930களில் வெர்னர் கூன், ஹெர்மன் மார்க் முதலியோர் அவை வளைந்து சுருளும் தன்மையுடையவை என விளக்கினர். சுருண்ட சங்கிலிக்குப் பல கோடி வடிவங்கள் சாத்தியம். இழுத்து நீட்டிய சங்கிலிக்கோ மிகச் சிலவே. விட்டதும் வெப்ப அசைவால் அது மீண்டும் சுருள்கிறது. 1805இல் ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கில அறிஞர், ரப்பர்ப் பட்டையைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்தால் சூடு தெரிவதைக் கூறியிருந்தார். அதற்கும் இதுவே விளக்கம்.

குளிரும் விபத்தும்

வெப்பநிலை குறையக் குறைய சங்கிலியின் அசைவும் மந்தமாகிறது. அது ஏறக்குறைய உறைந்துபோகும் நிலையே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. இயற்கை ரப்பருக்கு இது சுமார் −70 பாகை செல்சியஸ். ஃபுளூரின் கொண்ட பக்கத் தொகுதிகள் சங்கிலியின் அசைவைத் தடுப்பதால், சூட்டைத் தாங்கும் ஃபுளூரின் ரப்பர் வகைகளில் பரவலானவற்றுக்கு இது சுமார் −20 பாகை. அதை எட்டுவதற்கு வெகுமுன்பே அவற்றின் மீளும் வேகம் குறைந்துவிடும்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்டபோது காற்றின் வெப்பநிலை சுமார் 2 பாகை. ஏவூர்தி இணைப்பை அடைத்திருந்த வளையங்கள் ஃபுளூரின் ரப்பரால் ஆனவை. குளிரில் அவை சரியாக இயங்கா என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தனர், அது ஏற்கப்படவில்லை. இணைப்பு விரிந்த வேகத்துக்கு வளையம் ஈடுகொடுக்காததால் சூடான வாயு கசிந்தது. 73 நொடிகளில் விண்ணோடம் சிதறி 7 பேர் உயிரிழந்தனர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைக் கவ்வியால் அழுத்திப் பனிநீரில் வைத்தார். கவ்வியை எடுத்தபின் அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. சங்கிலிகளின் மந்த அசைவை உலகம் முழுவதும் கண்கூடாகப் பார்த்த சோதனை அது.