ஆறு பெயர் கொண்ட கப்பல்

1983 ஆடிக் கலவரத்தின் பின் கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் எங்களில் பலர். மனிதரை ஏற்றுவதற்கென்று கட்டப்படாத கப்பலில் மனிதர் பயணம் செய்வது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே எழுத வந்தது அவ்விதமான இன்னொரு கப்பலின் கதை. அதுவும் சரக்குக் கப்பலாகவே பிறந்தது. பிறகு போருக்குப் போனது. அதன்பின் ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களைச் சுமந்தது. நாற்பது வயது நிறையுமுன் அதற்கு ஆறு பெயர்கள் வந்து போயின.

1941 செப்ரெம்பர் 27 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், வெஸ்ரேன் பைப் அன்ட் ஸ்டீல் கம்பனியின் தளத்திலிருந்து நீரில் இறக்கப்பட்டபோது அதன் பெயர் 'ஸ்டீல் ஆட்டிசன்'. அந்த நாட்களில் அற்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, கரையிலிருந்து எழும் விமானங்கள் எட்ட முடியாத ஒரு பெரும் பரப்பு இருந்தது. ஜேர்மன் நீர்மூழ்கிகளுக்கு அது வேட்டைக்களம். பிரித்தானியாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் கொண்டு வந்த கப்பல்கள் அங்கேதான் அதிகமாக மூழ்கின. கப்பல் அணியோடு கூடவே விமானங்களையும் கொண்டுபோக ஒரு வழி வேண்டியிருந்தது. பெரிய விமானந்தாங்கிகளைக் கட்டப் பல வருடங்கள் ஆகும். ஆகவே சரக்குக் கப்பலின் உடலை எடுத்து, அதன் தலைமேல் தட்டையான தளமொன்றைப் பொருத்தினார்கள். இவ்விதம் முதலில் மாற்றப்பட்டது, ஜேர்மனியரிடமிருந்து பிடிக்கப்பட்ட 'ஹனோவர்' என்ற வணிகக் கப்பல். 'ஓடாசிற்றி' என்ற புதுப் பெயரோடு 1941 இல் சேவையில் இறங்கிய அது, அதே வருடம் டிசெம்பரில் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. ஆனால் அந்தச் சில மாதங்களே இந்த யோசனை சரியென்று காட்டப் போதுமாயிருந்தன. அமெரிக்கத் தளங்கள் இவ்வகைக் கப்பல்களை வரிசையாக மாற்றத் தொடங்கின.

'ஸ்டீல் ஆட்டிசன்' அமெரிக்கக் கடற்படையில் 'பார்ன்ஸ்' ஆகி, 1942 செப்ரெம்பர் 30 அன்று கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் பிரித்தானியாவிடம் கையளிக்கப்பட்டு 'அற்றாக்கர்' ஆனது. நீளம் ஏறத்தாழ 150 மீற்றர். ஒரேயொரு உந்துவிசிறி. வேகம் மணிக்கு 18 கடல் மைல் அளவே. விமானங்கள் இருபது வரை. இந்த வகைக் கப்பலுக்கு அமெரிக்கர் இட்ட மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு மாலுமிகள் வேறு விளக்கம் வைத்திருந்தார்கள்: இலகுவில் எரியும், இலகுவில் அடிபடும், போனாலும் கவலையில்லை என்று. அதில் பகிடி பாதிதான். 1943 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் கிளைட் முகத்துவாரத்தில், எதிரி எவருமில்லாமலே, பெற்றோல் ஆவி தீப்பற்றி 'டாஷர்' என்ற கப்பல் வெடித்து மூழ்கியது. மாண்டவர்கள் 379 பேர்.

அற்றாக்கரின் கடுமையான சோதனை 1943 செப்ரெம்பரில் இத்தாலியின் சலேர்னோவில் வந்தது. நேசப்படைகள் கரையிறங்கின. சிசிலியிலிருந்து பறந்துவரும் போர்விமானங்களால் கரைக்கு மேலே சிறிது நேரமே நிற்க முடிந்தது. அந்தக் குறையை நிரப்ப அற்றாக்கரோடு இன்னும் நான்கு கப்பல்கள் நிறுத்தப்பட்டன. ஐந்திலுமாக நூறளவு 'சீஃபயர்' விமானங்கள். இவை 'ஸ்பிற்ஃபயர்' விமானத்தின் கடற்படை வடிவம். காற்று அடியோடு விழுந்துவிட்டது. கப்பலோ மெதுவானது. எதிர்க்காற்றில்லாத குறுகிய தளத்தில், மெல்லிய கால்கள் கொண்ட விமானங்கள் வேகமாக வந்து மோதி உடைந்தன. மூக்குக் குத்தி முன்விசிறிகள் முறிந்தன. ஒரு கப்பலில் விசிறி அலகுகளின் நுனியைச் சில அங்குலம் அரிந்துவிட்டே பறந்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போது பறக்கக்கூடிய நிலையில் இருந்தவை நாற்பதுக்கும் குறைவு. எதிரியால் வீழ்ந்தவை மிகச் சில. ஆயினும் கரையில் விமானத்தளம் தயாராகும்வரை, எதிர்பார்த்ததைவிட நீண்ட நாட்கள், அவை வானத்தைக் காத்தன.

அடுத்த வருடம் ஓகஸ்டில் தென்பிரான்சில் தரையிறக்கம், பிறகு ஏஜியன் தீவுகள். 1945 இல் கிழக்கே அனுப்பப்பட்டு, நமது திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த கிழக்கிந்தியக் கடற்படையில் சேர்ந்தது. யப்பான் சரணடைந்தபின் பினாங்கை மீட்கச் சென்ற அணியில் அற்றாக்கரும் இருந்தது. செப்ரெம்பர் 3 ஆம் திகதி கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கினார்கள். அந்நேரம் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழரில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பி வராமலே போயிருந்தார்கள்.

1946 ஜனவரியில் கப்பல் அமெரிக்காவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதை வாங்கியது சிற்மார் கம்பனி. அதன் அதிபர் அலெக்சாண்டர் விளாசோவ், புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வெளியேறியவர். நாடிழந்த ஒருவரின் கப்பல்கள், யுத்தத்தின் பின் நாடு மாறுவோரை ஏற்றி வாழ்ந்தன என்பது கவனிக்க வேண்டியது. 'கஸ்ரெல் ஃபோர்ட்டே' என்ற பெயரில் சில காலம் வேலை முடியாமல் கிடந்து, 1958 யூன் 26 அன்று 'ஃபெயர்ஸ்கை' ஆகச் சவுதாம்ரனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. விமானத் தளம் போய், அறைகளும் சாப்பாட்டு மண்டபமும் வந்திருந்தன. ஏறத்தாழ 1,460 பேருக்கு இடம். எல்லாருக்கும் ஒரே வகுப்பு.

அதில் போனவர்களில் மிகப் பலர் உதவிப் பயணத் திட்டத்தில் சென்ற பிரித்தானியர். வளர்ந்தவருக்குப் பத்துப் பவுண், பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் மட்டுமே செலவைத் திருப்பிக் கட்டவேண்டும். மிகுதிப் பணத்தை அரசுகள் பொறுத்தன. அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1966 இல் தளர்ந்து, 1973 இல்தான் நீங்கியது. ஃபெயர்ஸ்கை உழைத்த நல்ல ஆண்டுகள் பெரும்பாலும் அந்தக் கொள்கையின் ஆண்டுகளே.

1977 யூனில், உல்லாசப் பயணமொன்றில் யகார்த்தாவை விட்டுப் புறப்பட்டபோது, மூழ்கிக் கிடந்த கப்பலொன்றில் மோதியது. தாழாமலிருக்கக் கரையில் ஏற்றப்பட்டது. பிலிப்பைன்சில் மிதக்கும் விடுதியாக்க எண்ணிப் 'பிலிப்பைன் ரூறிஸ்ற்' என்று ஆறாவது பெயர் வைத்தார்கள். 1979 நவம்பரில் தீப்பிடித்து எரிந்தது. 1980 இல் ஹொங்கொங்கில் உடைத்தார்கள்.

இன்னொரு கப்பல் ஞாபகத்துக்கு வருகிறது. 2010 ஓகஸ்டில் 492 தமிழருடன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த 'சன் சீ'. அதுவும் பெயர் மாறிய சரக்குக் கப்பல்தான். முன்பு 'ஹரின் பனிச் 19'. வந்தவர்களை வரவேற்றது தடுப்புக்காவல். ஒரு சரக்குக் கப்பல் மனிதரைச் சுமந்ததற்காகக் கொண்டாடப்பட்டது. மற்றது அதற்காகவே குற்றமாகப் பேசப்பட்டது. வித்தியாசம் கப்பலில் இல்லை.

ஃபெயர்ஸ்கையில் வந்தவர்களின் சாப்பாட்டுப் பட்டியல்களும் படங்களும் இன்று அவுஸ்திரேலிய நூதனசாலைகளில் இருக்கின்றன. எங்களைக் காங்கேசன்துறையில் இறக்கிய கப்பல்களின் பெயர்களை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? அவற்றில் வந்தவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுத இன்னும் நேரமிருக்கிறது. அதிகம் இல்லை.