ஆமைக்கு அக்கம்பக்கம் வந்த கதை

லோகோ நிரல்மொழி 1967இல் பிறந்தது. சில ஆண்டுகளில் அதன் ஆணைக்கு ஊர்ந்த தரை ஆமை என்ற ரோபோவுக்குத் தொடு உணரிகள் இருந்தன; எதிலாவது முட்டினால் தெரிந்துகொள்ளும். திரைக்குக் குடியேறியதும் ஆமை பெரும்பாலும் அந்த உணர்வை இழந்தது. கணினியின் வலுக்குறைவைவிட அதன் தனிமையே காரணம் என்பேன்: உணர அருகில் யாருமில்லை. லோகோவின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கின் ஸ்டார்லோகோ ஆயிரக்கணக்கான ஆமைகளை ஒன்றாக உலவவிட்டபோதுதான் அக்கம்பக்கத்தை விசாரிப்பது மொழியின் மையத்துக்கு வந்தது. யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோவிலோ, குறித்த ஆரத்துக்குள் இருப்பவர்களை ஒரே கட்டளையில் திரட்டலாம்.

அட்டாரி விளையாட்டுப் பெட்டியின் சில்லு 1977லேயே மோதலைக் கண்டறிந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது சொன்னது உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததை மட்டுமே. நெருங்கி வருவதை அல்ல. 2007இல் வெளியான, குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழி தொடுதலையும் தூரத்தையும் தனித்தனிக் கட்டைகளாக்கியது நல்ல முடிவு. ஆனால் யாருக்கான தூரம் என்று பெயர் சொல்லியாக வேண்டும். 2013இல் நகல் உருவங்கள் வந்த பிறகும் தூரக் கட்டை மூல உருவத்தையே அளக்கிறது. தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு இது போதும் என்பார்கள். மீன்கூட்டம் செய்ய விரும்பும் குழந்தையோ ஆயத்தொலைவுகளைப் பட்டியலிட்டுத் தானே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றில் ஸ்கிராட்ச் தன் முன்னோர்களைவிடப் பின்தங்கியே நிற்கிறது.