1,500 மணி நேரம் பிறந்த கதை

அமெரிக்கப் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்கார 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 2013-க்கு முன் இப்படியொரு விதி இல்லை; சுமார் 250 மணி நேரத்தில் கிடைக்கும் வணிக விமானி உரிமமே போதுமாக இருந்தது. அதை மாற்றியது ஒரு விபத்து.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ வந்துகொண்டிருந்த கோல்கன் ஏர் 3407 விமானம், விமான நிலையத்தை நெருங்கும்போது கிளாரன்ஸ் சென்டரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேர், வீட்டில் ஒருவர் என 50 உயிர்கள் போயின. வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை. விமானம் தூக்குவிசை இழக்கப்போகிறதெனக் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கி எச்சரித்தது. மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடிக்க வேண்டிய அந்த நொடியில் கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார்.

விசாரணையில் வெளிவந்தவை நெஞ்சை உலுக்கின. துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். கேப்டன் முந்தைய இரவை விமானிகள் ஓய்வறையில் கழித்தவர். தேர்வுகளில் அவர் தோற்ற வரலாறு நிறுவனத்துக்கு முழுதாகத் தெரியாது.

பிள்ளைகளையும் துணைவர்களையும் இழந்த குடும்பங்கள் ஓயவில்லை. வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. கேப்டன்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த உயர்நிலை உரிமமும் அதற்கான 1,500 மணி நேரமும் 2013-இல் துணை விமானிகளுக்கும் கட்டாயமாயின. ராணுவ விமானிகளுக்கு 750, விமானப் படிப்பில் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 எனச் சலுகைகளும் உண்டு.

ஆனால் விபத்தில் இறந்த விமானிகள் இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள். கேப்டன் 3,300 மணி நேரத்துக்கு மேல், துணை விமானி 2,200-க்கு மேல் பறந்திருந்தார்கள். அந்த விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரையும் தடுத்திருக்காது. இன்று உரிமம் வாங்கிய இளைஞர்கள் பலர் மணிக்கணக்கைச் சேர்க்கப் பயிற்சி ஆசிரியர்களாகச் சிறு விமானங்களில் சுற்றுகிறார்கள். கற்பிப்பது நல்ல அனுபவந்தான். ஆயினும் களைத்துப்போன இரவில் ஒரு பெரிய விமானம் தூக்குவிசை இழக்கும்போது அதை மீட்கும் பழக்கம் அதில் வந்துவிடாது.

அதே சட்டத்திலிருந்துதான் ஓய்வு நேர விதிகளும், தூக்குவிசை இழப்பை மீட்கும் பயிற்சியும், விமானிகளின் தேர்வு வரலாற்றுக்கான தரவுத்தளமும் வந்தன. விபத்தின் காரணங்களைத் தொட்டவை இவைதாம். குடும்பங்களின் உண்மையான வெற்றியாக நான் மதிப்பதும் இவற்றைத்தான்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும். பயிற்சிப் பள்ளி தேடும் தம்பி, தங்கைகளே, எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். தூக்குவிசை இழப்பிலிருந்து மீள்வதை எந்த விமானத்தில், யார், எத்தனை முறை கற்றுத் தருவார்கள் என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு பணம் கட்டுங்கள்.